சம்சாரி வீட்டுக் கணக்கும் நாட்டுக் கணக்கும்

“உலகத்துக்கே அரிசி விக்கிற நாடுன்னு சொல்லுதீங்க. அப்புறம் தாளிக்கிற எண்ணெயை ஏன் சார் கப்பல்ல கொண்டாரணும்? நாம வெளைய வைக்கது நாம திங்கதுக்குக் காணாதா?”

தென்காசி மாவட்டத்தில் நான் பயிற்சிக் கூட்டத்துக்குப் போகும் ஊர்களில் எல்லாம் இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவில் வந்துவிடும். குருத்துப்பூச்சி, மஞ்சள் தேமல், சொட்டுநீர் மானியம் என்று கேட்டால் நின்ற இடத்திலேயே பதில் சொல்லிவிடலாம். இதற்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்ல முடியாது. ஆனால், ஒவ்வொரு சம்சாரியும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய பதில் இது. ஏனென்றால், நம் கடலைக்கும் எள்ளுக்கும் சூரியகாந்திக்கும் கிடைக்கிற விலை இந்தக் கணக்கில்தான் முடிவாகிறது. அதனால் எழுதியே சொல்லிவிடலாம் என்று தோன்றியது.

அம்மாவின் சங்கிலியும் நாட்டின் தங்கமும்

எங்கள் வீட்டில் அம்மாவின் இரட்டை வடச் சங்கிலி வருடத்தில் பாதி நாள் கூட்டுறவு வங்கியில்தான் இருக்கும். கார் நெல் நடவுக்குப் போகும். அறுவடை முடிந்து திரும்பும். திரும்பிய கையோடு பிசானத்துக்குப் போய்விடும். “சங்கிலி போட்டுக்கிட்டு ஒரு கல்யாணத்துக்குப் போனதில்ல” என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார். நகைக்கடன் எடுக்காத சம்சாரி வீடு நம் பக்கத்தில் உண்டா?

1991-ல் நான் கிள்ளிகுளம் வேளாண் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆண்டு ஜூலையில் இந்திய ரிசர்வ் வங்கி 47 டன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி, இங்கிலாந்து வங்கியில் ஈடு வைத்தது. அதற்கு முன்பே, மே மாதத்தில் 20 டன் தங்கம் சுவிட்சர்லாந்து வங்கி ஒன்றுக்குப் போயிருந்தது. அப்போது அரசின் கையில் இருந்த அந்நியச் செலாவணி, இரண்டு மூன்று வார இறக்குமதிக்குத்தான் காணும். விடுதியில் செய்தித்தாளைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டோம். அம்மாவின் சங்கிலியைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்தச் செய்தியை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த நிலை ஏன் வந்தது? கடன் பல வருடங்களாகக் கூடிக்கொண்டே வந்தது. 1990 ஆகஸ்ட்டில் ஈராக், குவைத்துக்குள் நுழைந்ததும் கச்சா எண்ணெய் விலை ஏறியது. வளைகுடாவில் இருந்த நம் ஆட்கள் வேலையை விட்டுத் திரும்பினார்கள். குவைத்திலிருந்து மட்டும் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களை விமானத்தில் அழைத்து வந்தார்கள். என் பெரியப்பா மகனும் அதில் ஒருவர். கட்டிக்கொண்டிருந்த வீடு லிண்டல் மட்டத்தோடு நின்றது. பெரியப்பா வீட்டுக்கு மாதாமாதம் வந்த பணம் நின்றதும், நாட்டுக்கு வந்த டாலர் குறைந்ததும் ஒரே காரணத்தால்தான்.

ஒரு வேறுபாட்டை இங்கே சொல்ல வேண்டும். நாட்டுக்குள் கொடுக்க வேண்டிய ரூபாயை அரசு அச்சடித்துக்கொள்ளலாம். மலேசியாக்காரரும் அரபுக்காரரும் கேட்பது டாலர். டாலரை நாம் அச்சடிக்க முடியாது. எதையாவது விற்றுத்தான் சம்பாதிக்க வேண்டும்; இல்லையென்றால் கடன் வாங்க வேண்டும். அந்த இடத்தில் நாடும் சம்சாரி வீடு போலத்தான்.

ஓர் ஊரின் வரவு செலவு

சில வருடங்களுக்கு முன், கீழப்பாவூர் வட்டாரத்தில் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் கூட்டம். கரும்பலகையை இரண்டாகப் பிரித்து, “ஊருக்குள் வெளியிலிருந்து எந்த வகையில் காசு வருகிறது? ஊரைவிட்டு எதற்கெல்லாம் வெளியே போகிறது?” என்று கேட்டேன்.

வரவுப் பக்கத்தில் முதலில் நெல்லைச் சொன்னார்கள். பிறகு பாவூர்சத்திரம் சந்தைக்குப் போகும் கத்தரி, வெண்டை, சின்ன வெங்காயம், வாழை. அதற்குப் பிறகு பால். பெண்கள் பக்கமிருந்து “பீடிச் சம்பளத்த விட்டுட்டீங்களே” என்று ஒரு குரல். அப்புறம் துபாய், சிங்கப்பூர், திருப்பூர், சென்னையிலிருந்து பிள்ளைகள் அனுப்புவது. தொகையைப் பேசிப் பார்த்தபோது, நெல்லைவிடப் பீடியும் பிள்ளைகள் அனுப்பும் பணமும் மேலே நின்றன. கூட்டம் கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. நெல் விளையும் ஊர் என்றுதான் எல்லோரும் தங்கள் ஊரை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

செலவுப் பக்கம் நீண்டுகொண்டே போனது. பெட்ரோல், டீசல், உரம், விதை, மருந்து, பள்ளிக் கட்டணம், செல்போன், தங்கம், துவரம்பருப்பு, சமையல் எண்ணெய்.

எண்ணெயை மட்டும் எடுத்துக் கணக்குப் போட்டோம். 300 வீடு, வீட்டுக்கு மாதம் 4 லிட்டர் என்று வைத்தால் வருடத்துக்கு 14,400 லிட்டர். லிட்டர் 130 ரூபாய் என்றால் 18 லட்சத்து 72 ஆயிரம் ரூபாய். அந்த ஒரு கிராமத்திலிருந்து எண்ணெய்க்கு மட்டும் ஒவ்வொரு வருடமும் இவ்வளவு வெளியே போகிறது. இதே எண்ணெயை அந்த ஊரிலேயே விளைவிக்க எவ்வளவு நிலம் வேண்டும்? இறவையில் ஏக்கருக்கு 8 குவிண்டால் நிலக்கடலை என்று வைப்போம். உடைத்தால் 560 கிலோ பருப்பு. 40 சதவீதம் எண்ணெய் என்றால் சுமார் 225 கிலோ. லிட்டரில் ஏறக்குறைய 250. ஆக, 58 ஏக்கர் போதும்.

“அம்பத்தெட்டு ஏக்கர்தானா? எங்க தாத்தா காலத்துல அதுக்கு மேலயே கடலை நின்னுது” என்றார் ஒரு பெரியவர். அது ஏன் இப்போது நிற்கவில்லை என்பதற்குப் பிறகு வருகிறேன்.

நாட்டின் பேரேடு

அந்தக் கரும்பலகைக் கணக்கை அப்படியே பெரிதாக்கினால் நாட்டுக் கணக்கு. 2023-24 நிதியாண்டை எடுத்துக்கொள்வோம்.

அந்த ஆண்டில் இந்தியா வெளிநாடுகளுக்கு விற்ற பொருட்களின் மதிப்பு சுமார் 43,700 கோடி டாலர். வாங்கியது சுமார் 67,800 கோடி டாலர். பொருள் கணக்கில் மட்டும் 24,100 கோடி டாலர் பள்ளம். கச்சா எண்ணெய், தங்கம், மின்னணுச் சாமான் ஆகியவை இதில் பெரியவை.

பள்ளத்தை நிரப்பியது எது? மென்பொருள் போன்ற சேவைகளை விற்றதில் நிகரமாகக் கிடைத்தது சுமார் 16,200 கோடி டாலர். வெளிநாட்டில் வேலை செய்யும் நம் ஆட்கள் அனுப்பியது 11,000 கோடி டாலருக்கும் மேல். இன்னொரு பக்கம், வெளிநாட்டு முதலீட்டுக்கு லாபம், கடனுக்கு வட்டி என்று சுமார் 5,000 கோடி டாலர் வெளியே போனது. மற்ற சில்லறை இனங்களையும் கூட்டிக் கழித்தால், கடைசியில் குறை நின்றது சுமார் 2,300 கோடி டாலர். நாட்டின் மொத்த வருமானத்தில் இது ஒரு சதவீதத்துக்கும் குறைவு. இந்தக் குறையை வெளியிலிருந்து வந்த முதலீடும் கடனும் ஈடுகட்டின. கையிருப்பும் 1991 போல இல்லை. இன்று 60,000 கோடி டாலருக்கு மேல் இருக்கிறது.

கேள்விக்கு முதல் பதில் இதுதான்: நாம் வாங்குவதற்கு ஏறக்குறைய சம்பாதித்துவிடுகிறோம். ஆனால், பொருள் விளைவித்துச் சம்பாதிக்கவில்லை. படித்த பிள்ளைகளின் கணினி வேலையும், வெளிநாட்டில் வெயிலில் நிற்கும் பிள்ளைகளின் உழைப்பும்தான் பள்ளத்தை நிரப்புகின்றன. கீழப்பாவூர்க் கரும்பலகையில் பார்த்த அதே கணக்கு.

இதில் விவசாயத்தின் பங்கு என்ன? நாம் தலைகுனிய வேண்டியதில்லை. வேளாண் பொருட்களை விற்று வந்தது சுமார் 4,800 கோடி டாலர். வாங்கியது சுமார் 3,300 கோடி டாலர். நம் கணக்கு வரவில்தான் நிற்கிறது. உலகச் சந்தையில் விற்கும் அரிசியில் ஐந்தில் இரண்டு பங்கு இந்திய அரிசி. 1966-ல் சுமார் ஒரு கோடி டன் தானியத்தைக் கப்பலில் எதிர்பார்த்து நின்ற நாடு இது என்பதை இளையவர்கள் நினைவில் வைக்க வேண்டும். அரிசியிலும் கோதுமையிலும் அந்த நிலையை மாற்றிக் காட்டியவர்கள் சம்சாரிகள்தான்.

ஆனால், இதே பேரேட்டில் இரண்டு வரிகள் உறுத்துகின்றன. ஒன்று, விவசாயிகள் எல்லோரும் சேர்ந்து ஈட்டிய அந்த 4,800 கோடி டாலருக்குக் கிட்டத்தட்டச் சமமாக, சுமார் 4,500 கோடி டாலருக்கு நாடு தங்கம் வாங்கியது. இரண்டு, உலகத்துக்கு அரிசி விற்று வந்தது சுமார் 1,040 கோடி டாலர். சமையல் எண்ணெய் வாங்கக் கொடுத்தது சுமார் 1,490 கோடி டாலர். நாம் விற்ற அரிசிப் பணம் முழுவதையும் கொடுத்தாலும் எண்ணெய்க்குக் காணாது! ஒரு வருடத்துக்கு நமக்கு வேண்டிய சமையல் எண்ணெய் சுமார் 250 லட்சம் டன். அதில் 160 லட்சம் டன் வெளியிலிருந்து வருகிறது. பாமாயில் இந்தோனேசியா, மலேசியாவிலிருந்து. சோயா எண்ணெய் அர்ஜென்டினா, பிரேசிலிலிருந்து. சூரியகாந்தி எண்ணெய் ரஷ்யா, உக்ரைனிலிருந்து.

குற்றாலத்துச் சாரல் வருமானம்

“அதான் கணக்கு நேராயிருதுல்ல, அப்புறம் என்ன?” என்று கேட்கலாம். சாரல் காலத்தில் குற்றாலத்தைப் பார்த்தவர்களுக்கு இதற்கான பதில் புரியும்.

ஜூன், ஜூலை, ஆகஸ்ட். மலையில் மழை, ஊரில் சாரல். அருவியில் தண்ணீர் விழுந்தால் போதும், வெளியூர்ப் பணம் தானாக வந்து விழும். விடுதி, ஆட்டோ, ரம்புட்டான், மங்குஸ்தான் கடை, எண்ணெய் தேய்த்துவிடுபவர், நேந்திரங்காய் வற்றல் போடுபவர் என்று எல்லோருக்கும் மூன்று மாதச் சம்பாத்தியம்தான் ஆண்டு முழுவதற்கும். நாடு விற்கும் சேவை என்பதும் இப்படித்தான். மூட்டை கட்டி எதையும் அனுப்பாமலே காசு வருகிறது. நல்ல வருமானம், சந்தேகமே இல்லை.

ஆனால், சாரல் பொய்த்த வருடத்தில் ஊர் எப்படி இருந்தது? கொரோனா காலத்தில் 2020-லும் 2021-லும் பல மாதங்கள் அருவியில் குளிக்கத் தடை இருந்தது. கடைகள் பூட்டிக் கிடந்தன. அந்த நாட்களில் குற்றாலத்தில் கடை வைத்திருந்தவர்களில், இலஞ்சி, மேலகரம் பக்கம் கொஞ்சம் வயலும் ஒரு மாடும் வைத்திருந்தவர்கள் ஒருவாறு சமாளித்தார்கள். கடை ஒன்றையே நம்பியவர்கள் வட்டிக்கு வாங்கினார்கள். எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் அந்தக் கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறது.

நாட்டளவில் இந்தக் கதையைப் பார்க்க, கடலைத் தாண்டி இலங்கைக்குப் போனால் போதும். சுற்றுலாவும் வெளிநாட்டு வேலைப் பணமும் தேயிலையும் ஆடையும்தான் அவர்களுக்கு டாலர் தந்தன. 2019 ஈஸ்டர் குண்டுவெடிப்பு, அடுத்து கொரோனா. இரண்டும் சேர்ந்து சுற்றுலாவைப் படுக்க வைத்தன. வரியைக் குறைத்ததால் அரசின் வருவாயும் சரிந்திருந்தது. 2021-ல் ரசாயன உர இறக்குமதியை ஒரே உத்தரவில் நிறுத்தினார்கள். இயற்கை வேளாண்மை தவறு என்று இதற்குப் பொருளில்லை. ஒரு மண் மாறுவதற்குப் பல பருவங்கள் வேண்டும். ஒரு நாட்டின் வயல் முழுவதையும் ஒரே பருவத்தில் மாற்ற முடியாது. நெல் விளைச்சல் விழுந்தது. ஆண்டு முடிவதற்குள் தடையைத் தளர்த்தினார்கள். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். அரிசி விலையும் பால் மாவு விலையும் தாங்காமல் தமிழ்க் குடும்பங்கள் படகேறி தனுஷ்கோடிக்கு வந்து இறங்கியதை நாம் பார்த்தோம்.

அதே 2022-ல் நமக்கும் ஓர் எச்சரிக்கை வந்தது. பிப்ரவரியில் உக்ரைன் போர் தொடங்கியதும் சூரியகாந்தி எண்ணெய்க் கப்பல்கள் நின்றன. ஏப்ரல் கடைசியில் இந்தோனேசியா, தன் மக்களுக்கு விலையைக் குறைக்கப் பாமாயில் ஏற்றுமதிக்குத் தடை போட்டது. சுமார் மூன்று வாரத்தில் தடை நீங்கியது. ஆனால், அதற்குள் நம் பலசரக்குக் கடையில் எண்ணெய் விலை என்ன ஆட்டம் ஆடியது என்பது வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். கையில் காசு இருந்தாலும் சரக்கு கிடைக்காமல் போகலாம் என்பதுதான் அதில் கற்க வேண்டியது.

மஞ்சள் பூ வந்ததும் போனதும்

எண்ணெயில் நாம் எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1986-ல் மத்திய அரசு எண்ணெய் வித்துத் தொழில்நுட்ப இயக்கத்தைத் தொடங்கியது. 1985-86-ல் 108 லட்சம் டன்னாக இருந்த எண்ணெய் வித்து உற்பத்தி, பத்தாண்டுக்குள் இரட்டிப்பானது. 1990-களின் தொடக்கத்தில் இறக்குமதி நம் தேவையில் மிகச் சிறிய பங்குதான். மஞ்சள் புரட்சி என்று பாடத்தில் படித்தோம். நான் வேலைக்கு வந்த புதிதில் சுரண்டை, சாம்பவர்வடகரை, சுந்தரபாண்டியபுரம் பக்கம் அதைக் கண்ணாலேயே பார்த்தேன். சாலையின் இரண்டு பக்கமும் சூரியகாந்தி.

1994-ல் பாமாயில் இறக்குமதி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. அப்போது வரி 65 சதவீதம். படிப்படியாகக் குறைத்து 1998-ல் 15 சதவீதத்துக்குக் கொண்டுவந்தார்கள். எண்ணெய் மலிவானது. ஏழை வீடுகளில் எண்ணெய்ச் சட்டி அடிக்கடி அடுப்பில் ஏறியது. அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், விதை கொடுக்கப் போகும் இடத்தில் “போன தடவ மூட்டைய ஏத்திக்கிட்டுப் போயி, கேட்ட விலைக்குப் போட்டுட்டு வந்தோம் சார். வெதை இலவசமாத் தந்தாலும் வேண்டாம்” என்று சொல்லக் கேட்டேன். சூரியகாந்தி நின்ற வயலில் மக்காச்சோளம் வந்தது. சில இடங்களில் வீட்டுமனைக் கல் வந்தது. இப்போது மிஞ்சியிருக்கும் சூரியகாந்தி வயல்களுக்கு, சாரல் சீசனில் கேரளத்திலிருந்து வண்டி வண்டியாக வந்து படம் எடுத்துப் போகிறார்கள். படம் எடுக்கக் காசு வாங்குகிற சம்சாரிகளும் உண்டு. எண்ணெயில் கிடைக்காததைப் பூவில் எடுக்கிறார்கள்!

அண்மைக் கதையையும் பாருங்கள். 2024 செப்டம்பரில் கச்சா சமையல் எண்ணெய்க்கான மொத்த இறக்குமதி வரியை 5.5-லிருந்து 27.5 சதவீதமாக உயர்த்தினார்கள். 2025 மே மாதக் கடைசியில் 16.5 சதவீதமாகக் குறைத்தார்கள். ஒன்பது மாதத்துக்குள் ஏற்றமும் இறக்கமும். கடலை 105 நாள் பயிர். விதைக்கும்போது இருக்கிற வரி, பறிக்கும்போது இருக்குமா என்று தெரியாமல்தான் சம்சாரி விதைக்கிறார்.

50 ரூபாய் இடைவெளி

“58 ஏக்கர் போதுமே, ஏன் விதைக்கவில்லை?” என்ற கேள்விக்கு வருகிறேன். நிலக்கடலைக்கு 2025-26-ல் மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,263 ரூபாய். 8 குவிண்டாலுக்கு 58,104 ரூபாய். செக்கில் ஆட்டினால் 250 லிட்டர் எண்ணெயோடு 320 கிலோ பிண்ணாக்கு கிடைக்கும். கிலோ 40 ரூபாய் என்றால் 12,800 ரூபாய். அதைக் கழித்தால் எண்ணெய் லிட்டருக்கு 181 ரூபாய் அடக்கம். உடைப்புக்கூலி, ஆட்டுக்கூலி, வண்டி வாடகை தனி. கடையில் பாமாயில் 130 ரூபாய்.

இந்த 50 ரூபாய் இடைவெளிதான் பிரச்னையின் அடிவேர். விலையைக் குறைத்தால் கடலை போடுகிறவருக்குக் கட்டாது. வரியை ஏற்றினால், களை பறிக்க வரும் அம்மாவின் வீட்டில் தாளிப்பு சுருங்கும். இருவரும் நம் ஊர்க்காரர்கள்தான். நாட்டுக்காக நட்டத்தில் விதையுங்கள் என்று எந்தச் சம்சாரியிடமும் நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்ல யாருக்கும் உரிமையும் இல்லை. ரேஷனில் 25 ரூபாய்க்கு ஏழைக்குப் பாமாயில் கொடுக்கும் அரசு, அந்த இடைவெளியில் ஒரு பங்கை எண்ணெய் வித்து விளைவிப்பவருக்கும் தொடர்ந்து கொடுக்கலாம். வரி எவ்வளவு என்பதை விதைப்புக்கு முன் சொல்லி, அறுவடை வரை மாற்றாமல் இருக்கலாம். 2024 அக்டோபரில் 10,103 கோடி ரூபாயில் எண்ணெய் வித்து இயக்கத்தை மறுபடியும் அறிவித்திருக்கிறார்கள். 2022-23-ல் 390 லட்சம் டன்னாக இருந்த எண்ணெய் வித்தை 2030-31-க்குள் 697 லட்சம் டன்னாக்குவது இலக்கு. விதையும் பயிற்சியும் எங்கள் துறை தரும். விலை நிலையாக இருந்தால்தான் இலக்கு வயலுக்கு வரும். முப்பது வருடமாகப் பார்த்ததைச் சொல்கிறேன்.

எல்லாம் நாமே விளைவிக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. பாவூர்சத்திரத்தில் ஏற்றும் காய்கறி லாரி புளியரை வழியாக மலையேறிக் கேரளத்துக்குப் போகிறது. தங்கள் தேவைக்கு வேண்டிய அரிசியையும் காய்கறியையும் கேரளம் விளைவிப்பதில்லை. ரப்பர், மிளகு, ஏலம், சுற்றுலா, வளைகுடாப் பணம் என்று சம்பாதித்து நம்மிடம் வாங்குகிறது. ஓணத்துக்கு அவர்கள் வாங்கவில்லை என்றால் நம் வெண்டைக்கு விலை ஏது? வாங்குவது குற்றமில்லை. வாங்குகிறவர் இருப்பதால்தான் விற்கிறவர் பிழைக்கிறார்.

குற்றாலத்திலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. இருநூறு ஆண்டுகளுக்கு முன், டச்சுக்காரர்களிடம் காசு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த சாதிக்காயையும் கிராம்பையும் தாங்களே விளைவிக்க, ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்கள் இந்த மலையடிவாரத்தில் நறுமணப் பயிர்த் தோட்டம் போட்டார்கள். மரம் நன்றாகத்தான் வந்தது. இன்றும் மலைத் தோட்டங்களில் சாதிக்காயும் கிராம்பும் இருக்கின்றன. ஆனாலும், கிராம்பை இந்தியா இன்னும் இலங்கையிலும் மடகாஸ்கரிலும் வாங்குகிறது. அதனால் யாருக்கும் தூக்கம் கெடவில்லை. கிராம்பு இல்லாமல் ஒரு மாதம் சமைக்கலாம். எண்ணெயும் பருப்பும் இல்லாமல் முடியுமா?

என் முடிவு இதுதான்: எல்லாப் பொருளும் ஒன்றல்ல. தினமும் அடுப்புக்கு வேண்டியதும், நம் மண்ணில் விளையக்கூடியதுமான பொருளில் பெரும் பங்கு நம் கையில் இருக்க வேண்டும். மற்றதை வாங்கிக்கொள்ளலாம். சாரல் காசு வரும் வருடத்தில்தான் வயலையும் பேண வேண்டும். சாரல் நின்ற பிறகு பேண நேரமிருக்காது.

நம் வயலில் செய்யக்கூடியவை

வரியை நாம் நிர்ணயிக்க முடியாது. நம் வீட்டு ஏற்றுமதி, இறக்குமதியைக் கொஞ்சம் மாற்றலாம்.

*வீட்டு எண்ணெய்க்கு இடம்:* மாதம் 4 லிட்டர் என்றால் வருடத்துக்கு 48 லிட்டர். மேலே சொன்ன கணக்குப்படி 20 சென்ட் கடலை போதும். இங்கே 50 ரூபாய் இடைவெளியைப் பற்றிய கவலை இல்லை. ஏனென்றால், சொந்தச் செலவுக்கு விளைவிக்கும்போது ஒப்பிட வேண்டியது பாமாயில் விலையை அல்ல. கடையில் விற்கும் செக்கு எண்ணெய் விலையை. பிண்ணாக்கு மாட்டுக்கு. கடலைக்கு ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சத்தை மறக்க வேண்டாம். பாதியை அடியுரமாகவும், மீதியை 40 முதல் 45-ம் நாளில் மண் அணைக்கும்போதும் இட்டால் பொக்குக் காய் குறையும்.

*சூரியகாந்தி போடுபவர்களுக்கு:* பூவின் ஓர இதழ்கள் விரியும் நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 2 கிராம் போராக்ஸ் கலந்து தெளித்தால் மணி பிடிப்பு கூடும். காலை 9 முதல் 11 மணிக்குள், ஒரு நாள் விட்டு ஒரு நாள், மென்மையான துணியால் பூவைத் தடவிவிடலாம். தேனீப் பெட்டி வைத்தால் இன்னும் நல்லது. கிளிக்குக் காவல் அவசியம்.

*பருப்பு:* துவரையை மொசாம்பிக், மியான்மரிலிருந்து வாங்குகிறோம். நம் வரப்போ சும்மா கிடக்கிறது. பி.எஸ்.ஆர். 1 போன்ற பல்லாண்டுத் துவரையை வரப்பிலும் வீட்டுக் கொல்லையிலும் வைக்கலாம். பிசானம் அறுவடைக்குப் பிறகு ஈரம் நிற்கும் வயலில் உளுந்து போடுபவர்கள், பூக்கும்போதும் அதிலிருந்து 15 நாள் கழித்தும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளியுங்கள். ஏக்கருக்கு 4 கிலோவை முதல் நாள் ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் எடுத்து 200 லிட்டராக்கிக்கொள்ள வேண்டும்.

*உரம்:* பொட்டாஷ் முழுவதும் இறக்குமதி. டி.ஏ.பி.யிலும் பெரும் பங்கு வெளியிலிருந்து வருகிறது. ஒரு டன் வைக்கோலில் ஏறக்குறைய 15 முதல் 20 கிலோ பொட்டாஷ் சத்து இருக்கிறது. மாடு தின்று மிஞ்சியதை எரிக்காமல் வயலுக்கே திருப்புங்கள். மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்தால் டி.ஏ.பி.யைக் குறைத்து, பாஸ்போபாக்டீரியா சேருங்கள்.

*எண்ணெய்ப் பனை:* போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். ஒரே பரப்பில் வேறு எந்தப் பயிரும் இவ்வளவு எண்ணெய் தராது என்பது உண்மை. ஆனால், கோடையிலும் கிணற்றில் தண்ணீர் நிற்க வேண்டும். நான்காம் வருடத்தில்தான் வருமானம். வெட்டிய குலையை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்கு அனுப்ப வேண்டும். தண்ணீரும் ஆலைத் தொடர்பும் உறுதியான பிறகு முடிவெடுங்கள்.

கடைசியாக ஒன்று. ஒரு 40 பக்க நோட்டு வாங்குங்கள். இடது பக்கம், இந்தப் பருவத்தில் வீட்டைவிட்டு வெளியே விற்றது. வலது பக்கம், வெளியிலிருந்து வாங்கியது. விதை, உரம், டீசல், எண்ணெய், பருப்பு எல்லாவற்றையும் எழுதுங்கள். எத்தனை கோட்டை நெல் விளைந்தது என்பது ஊருக்குச் சொல்லும் கணக்கு. இந்த நோட்டில் வருவதுதான் வீட்டுக்கு வேண்டிய கணக்கு. ஒரு வருடம் எழுதிய பிறகு வலது பக்கத்தில் எந்த வரியை நம் நிலத்திலேயே விளைவிக்க முடியும் என்று பாருங்கள். ஒரு வரி குறைந்தாலும் லாபம்தான். அந்த வரியையும், உங்கள் மண் பரிசோதனை முடிவையும், தண்ணீர் நிலவரத்தையும் எழுதி இந்த இதழின் கேள்வி-பதில் பகுதிக்கு அனுப்புங்கள். எந்தப் பட்டத்தில், எந்தப் பயிர், எந்த ரகம் பொருந்தும் என்று பதில் எழுதுகிறேன்.